மலையும் முகமும்: கம்பம் பள்ளத்தாக்கில் புகைப்படத்தின் வரலாறு

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்துக்கும் மேகமலை, வருசநாட்டு மலைகளின் அடிவாரத்துக்கும் நடுவே, கூடலூரிலிருந்து கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வழியாகத் தேனியை நோக்கி நீளும் வளமான நிலப்பகுதி கம்பம் பள்ளத்தாக்கு என வழங்கப்படுகிறது. நெடுங்காலம் மதுரை மாவட்டத்தில் அடங்கியிருந்து, 1996இல் தேனி மாவட்டம் உருவானபோது அதன் பகுதியான இப்பள்ளத்தாக்கில், புகைப்படக் கலையின் இரு பெரும் கிளைகள் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு கைகளின் வழியே வந்து சேர்ந்தன. மலை, ஆறு, அணை ஆகியவற்றைக் காட்டும் நிலக்காட்சிப் படம் அரசின் தேவையை ஒட்டியும், ஒருவரின் தோற்றத்தை நிலைநிறுத்தும் உருவப்படம் குடும்பங்களின் தேவையை ஒட்டியும் வளர்ந்தன. நிலத்தையும் அதில் உழைப்பவரையும் ஒரே படவரிசையில் வைத்துக் காட்டும் முயற்சி அண்மைக் காலத்தில்தான் வலுப்பெற்றது.

1839இல் ஐரோப்பாவில் அறிவிக்கப்பட்ட புகைப்பட முறை, அடுத்த இருபதாண்டுகளுக்குள் சென்னை மாகாணத்தில் அரசுப் பணியாகவே மாறிவிட்டது. சென்னையில் கலைப்பள்ளியை நிறுவிய மருத்துவர் அலெக்சாண்டர் ஹன்டரின் முயற்சியால் 1856இல் புகைப்படச் சங்கம் ஒன்று தோன்றியது. அதே ஆண்டில் மாகாண அரசின் புகைப்படக் கலைஞராக நியமிக்கப்பட்ட லினியஸ் ட்ரைப் என்னும் படை அதிகாரி, 1858இன் தொடக்கத்தில் மதுரைக்கு வந்து மீனாட்சியம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், தெப்பக்குளம் ஆகியவற்றோடு, தரைப்பாலத்துடன் கூடிய வைகை ஆற்றையும் படமாக்கினார். வெப்பமிகு நாட்டில் கண்ணாடித் தகட்டில் ஈரம் உலருமுன் படமெடுக்கும் முறை பெருந்தொல்லையாக இருந்ததால், மெழுகூட்டிய தாளையே அவர் நெகட்டிவாகப் பயன்படுத்தினார்; நெகட்டிவ் என்பது ஒளியும் நிழலும் இடம் மாறிப் பதிந்திருக்கும் மூலப் பிரதியாகும். அக்காலத்து இரசாயனப் பூச்சு நீல ஒளியை மிகுதியாக ஏற்றதால் வானம் வெறுமையாகவே பதிந்தது. அக்குறையை மறைக்க ட்ரைப் சில நெகட்டிவ்களில் மேகங்களைத் தூரிகையால் தீட்டிச் சேர்த்தார்.

 ட்ரைப்பின் பயணம் மதுரைக்கு மேற்கேயுள்ள பள்ளத்தாக்குக்கு எட்டவில்லை. எனினும் அவர் எடுத்த வைகைப் படம் பள்ளத்தாக்கின் வரலாற்றுக்கும் உரியது. ஏனெனில் அதில் தெரிவது, பெரியாற்று நீர் சுருளியாற்றின் வழியே வந்து கலப்பதற்கு 37 ஆண்டுகளுக்கு முந்தைய வைகை. செலவைக் காரணம் காட்டி ஆளுநர் சார்லஸ் ட்ரெவெல்யன் அரசின் இப்புகைப்படப் பணியை நிறுத்திய பின்னரும், ட்ரைப்பிடம் உதவியாளராக இருந்து தொழில் பழகிய ஐயாசாமி, சென்னைக் கலைப்பள்ளியில் புகைப்படக் கலையைத் தொடர்ந்தார் என்பது, இத்தொழில் எவ்வளவு விரைவில் தமிழர் கைக்கு மாறத் தொடங்கியது என்பதைக் காட்டுகிறது.

பள்ளத்தாக்கின் தலைமாட்டில் கேமரா நிலைகொள்வதற்கு முல்லைப் பெரியாறு அணையே காரணமாயிற்று. 1887இல் தொடங்கி, ஜான் பென்னிகுயிக் என்னும் பொறியாளரின் தலைமையில் கட்டப்பட்டு, 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் திறந்துவைத்த இந்த அணை, மேற்கு நோக்கி ஓடிய நீரை மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பியது. அணை எழும்பிய காலத்துப் படங்கள் கல்லும் சுண்ணமும் சேர்ந்து உயர்வதை, வேலையின் முன்னேற்றத்தை, மேலதிகாரிகளுக்குக் காட்டும் சான்றுகள் என்னும் வகையைச் சேர்ந்தவை. அவற்றில் மனிதர்கள் பெரும்பாலும் மதகின் உயரத்தையும் சுவரின் பருமனையும் அளந்து காட்டும் சிற்றுருவங்களாகவே நின்றனர்.

மனிதரை முன்னிறுத்திய அரசுப் படங்களிலும் நிலைமை பெரிதும் வேறுபடவில்லை. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றிய நூலில், மலையில் வாழும் பளியர், சமவெளியின் கள்ளர் போன்றோர் குலப்பெயரின் கீழ் விவரிக்கப்பட்டனர். மூக்கின் அகலத்தையும் தலையின் நீளத்தையும் கருவிகொண்டு அளந்து மக்களை வகைப்படுத்திய அந்த ஆய்வுமுறையில், படத்தில் இருப்பவர் ஒரு வகையின் மாதிரியாகக் கருதப்பட்டாரேயன்றித் தனியொருவராகக் கருதப்படவில்லை. இதே காலத்தில் குற்றப்பரம்பரைச் சட்டம் பிரமலைக் கள்ளர்மீது ஏவப்பட்டு, மக்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றே அழைத்ததையும், அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நிகழ்ந்ததையும் சேர்த்து நோக்கினால், உடலைப் பதிவு செய்தல் என்பது இவ்வட்டார மக்களுக்கு முதலில் ஆட்சியின் பிடியாகவே அறிமுகமானது என்பது விளங்கும்.

அந்தப் பிடியிலிருந்து விலகி, மக்கள் தாமே விரும்பிக் காசு கொடுத்துத் தம் தோற்றத்தைப் பெற்றுக்கொண்ட இடம் ஸ்டுடியோ. பெருநகரங்களில் 19ஆம் நூற்றாண்டிலேயே வேரூன்றிய ஸ்டுடியோத் தொழில், 20ஆம் நூற்றாண்டில் சந்தை நகரங்களுக்குப் பரவியது. 1928இல் திறக்கப்பட்ட மதுரை–போடி இருப்புப்பாதையும், ஏலக்காய், பருத்தி வணிகமும் இப்பகுதியின் நகரங்களை மதுரையோடு நெருக்கின. ஸ்டுடியோவின் அமைப்பு தமிழகம் எங்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது: துருத்தி போன்ற மடிப்புகளும் கறுப்புத் துணி மூடாக்கும் உடைய மரக் கேமரா, வேலைப்பாடுள்ள நாற்காலி, பூச்சாடி வைத்த முக்காலி, பின்னால் தூண்களும் படிக்கட்டும் பூங்காவும் ஏரியும் தீட்டிய திரைச்சீலை. வாசலில் நின்றால் மெய்யான மலை தெரியும் ஊர்களிலும் படத்துக்குள் வந்தது தீட்டப்பட்ட மலையே. வயலும் தோட்டமும் அன்றாட உழைப்பை நினைவூட்டியதால், படமெடுக்க வந்தவர்கள் அவற்றை வெளியே விட்டுவிட்டு, இரவல் கோட்டும் கைக்கடிகாரமும் அணிந்து, தாம் அடைய விரும்பிய நிலையில் அமர்ந்தனர். நிலக்காட்சிப் படம் மனிதரை ஒதுக்கியது போலவே, உருவப்படம் நிலத்தை ஒதுக்கியது.

படமெடுத்த பின்னரே ஸ்டுடியோக்காரரின் கைத்திறன் தொடங்கியது. இருட்டறையில் தகட்டைக் கழுவி, ஹைப்போ என்னும் உப்புக் கரைசலில் படத்தை நிலைப்படுத்திய பிறகு, பின்புறம் ஒளி ஊடுருவும் சாய்பலகையில் நெகட்டிவை வைத்து, கூரிய பென்சிலால் நுண்புள்ளிகள் இட்டு முகத்தின் தழும்பையும் சுருக்கத்தையும் மறைப்பதே டச்சிங் எனப்பட்டது. கறுப்பு வெள்ளைப் பிரதியின்மேல் வண்ணம் தீட்டிச் சேலைக்கரைக்கும் நகைக்கும் நிறமேற்றுவதும் உண்டு.

போட்டோ எடுத்தால் ஆயுள் குறையும் என்னும் அச்சம் முதியோரிடையே பரவலாக இருந்ததால், பலருக்கு முதற்படமே இறுதிப்படமாயிற்று. இறந்தவரை நாற்காலியில் அமர்த்தி, மாலையிட்டு, குடும்பத்தார் சூழ நின்று படமெடுக்கும் வழக்கம் தமிழகத்தில் நெடுநாள் நிலவியது. இறந்தவரின் நினைவைக் கல்லில் நிறுத்தும் மரபோ இம்மாவட்டத்துக்கு மிகப் பழையது. ஆண்டிபட்டி அருகே புலிமான்கோம்பையில் 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்த தமிழி எழுத்து நடுகற்கள், உருவம் எதுவும் செதுக்கப்படாமல், மாண்டவரின் பெயரையும் ஊரையும் காத்து நிற்கின்றன. ஸ்டுடியோப் படமோ முகத்தைக் காத்தது. ஆனால் பெரும்பாலும் பெயர் எழுதப்படாமல், அறிந்தவர் மறைந்ததும் அது யாருடையது என்பதும் மறைந்தது.

உதகையில் அரசு நிறுவிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை 1967இல் உற்பத்தியைத் தொடங்கி 'இந்து' என்னும் பெயரில் கறுப்பு வெள்ளைப் பொருள்களை வழங்கியதும், 1993 முதல் வாக்காளர் அடையாள அட்டைக்கு முகப்படம் தேவைப்பட்டதும், படம் எடுக்காத வீடே இல்லை என்னும் நிலையை உருவாக்கின. அதே வேகத்தில் பழைய நெகட்டிவ்கள் அழிந்தன. அவற்றில் உறைந்திருந்த வெள்ளியைப் பிரித்தெடுக்க விற்கப்பட்டவையும், கழுவிக் கண்ணாடியாகப் பயன்படுத்தப்பட்டவையும் பல. எஞ்சியவற்றைக் காக்க, பிரித்தானிய நூலகத்தின் அழிவுநிலை ஆவணத் திட்டத்தின் துணையோடு புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழகப் பழைய ஸ்டுடியோக்களின் படங்களை எண்ணிமமாக்கியது; அப்பணியில் முன்னின்ற மானிடவியலாளர் சோயே ஹெட்லி, பிரமலைக் கள்ளரிடையே கள ஆய்வு செய்தவர்.

பள்ளத்தாக்கில் மிகுதியாகப் பரவிய உருவப்படம் உள்ளூர் ஸ்டுடியோவில் எடுக்கப்பட்டதன்று. அது பென்னிகுயிக்கின் படம். வீட்டுச் சுவரில் தெய்வப் படங்களின் அருகிலும், கடைகளின் கல்லாவுக்கு மேலும், திருமண அழைப்பிதழ்களிலும் இடம்பெறும் அப்படத்துக்கு, அவர் பிறந்த நாளான ஜனவரி 15 பொங்கல் காலத்தில் வருவதால், பாலார்பட்டி முதலிய ஊர்களில் பொங்கலிட்டு மாலை சூட்டுகின்றனர். அணையின் நீர்மட்டம் குறித்த தமிழக–கேரளப் பிணக்கு முற்றிய 2011ஆம் ஆண்டுப் போராட்டங்களில் அதே படம் உரிமையின் அடையாளமாகத் தட்டிகளில் ஏந்தப்பட்டது. 2013இல் லோயர் கேம்பில் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. ஒருவரின் முகம் ஒரு நீர்நிலையின் பொருளையே சுமந்து நின்றதால், உருவப்படமும் நிலக்காட்சியும் மக்களின் வழக்கத்தில் இங்கே ஒன்றாயின. ஆனால் அணையைக் கட்டியபோது காய்ச்சலிலும் வெள்ளத்திலும் மாண்ட கூலியாட்களுக்கு அப்படியொரு முகம் வாய்க்கவில்லை.

அணை தேக்கிய நீர் தேக்கடியில் புதியதொரு நிலக்காட்சியைத் தோற்றுவித்தது. நீரில் மூழ்கிப் பட்டுப்போன மரங்களின் அடிப்பகுதிகள் ஏரியெங்கும் நிற்க, கரையில் யானைகள் நீரருந்தும் காட்சியைப் படகிலிருந்து எடுப்பது கானுயிர்ப் புகைப்படக்காரர்களின் வழக்கமாயிற்று. எழுத்தாளர் அ. மாதவையாவின் மகனும் இயற்கையியலாளருமான மா. கிருஷ்ணன், பெரியாறு உள்ளிட்ட தென்னகக் காடுகளில் கறுப்பு வெள்ளையில் யானைகளைப் படமெடுத்து, பார்த்ததை எழுத்தாலும் விளக்கினார். வண்ணப்படம் மலிந்த பின்னர் மேகமலையின் தேயிலைச் சரிவுகளும் சுருளி அருவியும் திராட்சைத் தோட்டங்களும் படமெடுப்போரின் விருப்ப இடங்களாயின. அவற்றிலும் இலை பறிப்பவர் பெரும்பாலும் பச்சைப் பரப்பில் ஒரு நிறப்புள்ளியாகவே இடம்பெற்றார்.

இவ்விரு கிளைகளையும் இணைப்பது படக்கட்டுரை. அதாவது, ஒரே பொருளைப் பற்றிய பல படங்களை, காட்சி, முகம், செயல், கருவி என்னும் வரிசையில் அடுக்கிக் குறிப்புகளோடு ஒரு வாதமாகச் சொல்லும் வடிவம். அமெரிக்காவில் லைஃப் இதழில் யூஜின் ஸ்மித் 1948இல் வெளியிட்ட கிராமத்து மருத்துவர் பற்றிய தொடர் இதற்கு முன்னோடியாகக் கருதப்படுகிறது. 2014இல் பி. சாய்நாத் தொடங்கிய கிராமப்புற இந்தியாவுக்கான மக்கள் ஆவணக் காப்பகம் தமிழகத்தில் இவ்வடிவத்துக்குக் களம் அமைத்தது. மதுரையைச் சேர்ந்த எம். பழனி குமார், துப்புரவுத் தொழிலாளர் முதலிய உழைக்கும் மக்களைப் பெயரோடும் ஊரோடும் அதில் படமாக்கி வருகிறார். பள்ளத்தாக்கிலிருந்து எழுந்த இத்தகைய பார்வை திரையில் வெளிப்பட்டது. 2018இல் வெளிவந்த லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' படத்தில், ஒளிப்பதிவாளர் தேனி ஈஸ்வர் மலைப்பாதையை அகன்ற காட்சியாகக் காட்டும்போதே, ஏலக்காய் மூட்டை சுமந்து அதில் ஏறி இறங்கும் நிலமற்ற தொழிலாளியையும் சட்டகத்தின் நடுவில் வைத்தார். அங்கே மலையின் அழகை அதன் உழைப்பிலிருந்து பிரித்துப் பார்க்க வழியில்லை.

ஆகவே கம்பம் பள்ளத்தாக்கின் புகைப்பட வரலாறு என்பது கருவிகள் மாறிய வரலாறு மட்டுமன்று. சட்டகத்துக்குள் யார், எதனோடு சேர்த்து, எந்தப் பெயரில் இடம்பெறலாம் என்பதை முடிவு செய்யும் உரிமை ஆட்சியாளரிடமிருந்து ஸ்டுடியோவுக்கும், அங்கிருந்து உள்ளூர்க் கலைஞருக்கும் மெல்ல நகர்ந்த வரலாறாகும். வீட்டுப் பெட்டிகளில் எஞ்சியிருக்கும் ஸ்டுடியோப் படங்களின் பின்புறத்தில், அறிந்த முதியோர் இருக்கும்போதே பெயரும் ஊரும் தொழிலும் எழுதப்படுமானால், அணைப் படங்களில் அளவுகோலாக நின்றவர்களின் வழித்தோன்றல்களாவது அவ்வரலாற்றில் பெயருடையவர்களாக நுழைவர்.