உளவியல் ஆலோசனையின் முதல் அமர்வு: தமிழக வரலாற்றுப் பின்னணி

மனத்துன்பத்தைப் பயிற்சி பெற்ற ஒருவரிடம் பேசி, அதிலிருந்து மீளும் வழியைத் தேடும் முறை உளவியல் ஆலோசனை அல்லது உளச்சிகிச்சை எனப்படுகிறது. தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்தில், வருசநாட்டு மலைப்பகுதியை ஒட்டி அமைந்துள்ள மயிலாடும்பாறை போன்ற ஊரிலிருந்து ஒருவர் தனியார் ஆலோசகரை முதன்முறையாக நாடும்போது இரண்டு அச்சங்கள் எழுவதுண்டு. அடைத்து வைத்துவிடுவார்களோ என்பது ஒன்று. ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்பது மற்றொன்று. முதல் அச்சத்திற்கு நீண்ட வரலாறு உண்டு.

காப்பகக் காலம்

தமிழகத்தின் முதல் மனநலக் காப்பகம் 1794-இல் சென்னையில் தொடங்கப்பட்டது. அதை நடத்தியவர் வேலண்டைன் கொனோலி என்ற அறுவை மருத்துவர். அது அவருடைய தனியார் முயற்சி. கிழக்கிந்தியக் கம்பெனி அதற்குப் பணம் செலுத்தியது. 1871-இல் காப்பகம் கீழ்ப்பாக்கத்திற்கு இடம் மாறியது. 1858, 1912 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் நோயாளியை அடைத்து வைப்பதற்கான விதிமுறைகளையே பெரிதும் வகுத்தன. 1922-இல் காப்பகம் ‘அரசு மனநல மருத்துவமனை’ எனப் பெயர் மாறிய பின்னரும் மக்கள் மனத்தில் பழைய படிமமே நிலைத்தது. ‘கீழ்ப்பாக்கம்’ என்ற ஊர்ப்பெயரே கேலிச்சொல்லாகத் தென்மாவட்டங்கள் வரை பரவியது.

பேச்சுவழிச் சிகிச்சையின் வருகை

ஐரோப்பாவில் பிராய்டும் பிராயரும் 1895-இல் வெளியிட்ட நூல், நோயாளி பேசுவதே சிகிச்சையாகலாம் என்ற கருத்தை முன்வைத்தது. 1922-இல் கிரீந்திரசேகர் போஸ் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957-இல் தொடங்கியது. அங்கு நோயாளியுடன் குடும்பத்தினரும் தங்கிச் சிகிச்சையில் பங்கேற்றனர். கீழ்ப்பாக்கத்தில் 1961 முதல் கண்காணிப்பாளராகப் பணியாற்றிய மருத்துவர் சாரதா மேனன், நோயாளிகளின் மறுவாழ்வுக்கு முதன்மை அளித்தார்.

ஏர்வாடியும் சட்ட மாற்றமும்

2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் உயிரிழந்தனர். உச்ச நீதிமன்றம் இதைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018-இல் நடைமுறைக்கு வந்தது. அது சங்கிலியிடுவதை எவ்வடிவிலும் தடை செய்கிறது. மனநலத் தகவல்களின் இரகசியத்தை நோயாளியின் உரிமையாக்குகிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்றும் கூறுகிறது.

முதல் அமர்வில் எதிர்பார்க்கக்கூடியவை

ஆலோசனை அமர்வு என்பது மருத்துவமனைச் சேர்க்கை அன்று. வந்தவர் நாற்காலியில் அமர்ந்து பேசுகிறார். பெரும்பாலும் 45 முதல் 60 நிமிடங்களில் வீடு திரும்புகிறார். முதல் சந்திப்பில் பொதுவாக இவை நடைபெறும்:

- வந்த காரணம், தூக்கம், பசி, வேலை, குடும்பம், உடல்நோய், உட்கொள்ளும் மருந்துகள், மதுப்பழக்கம் ஆகியவை பற்றிய கேள்விகள்.
- உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்ற நேரடிக் கேள்வி. இது பாதுகாப்பிற்காகக் கேட்கப்படுவது. குற்றம் காண்பதற்காக அன்று.
- இரகசியம் பற்றிய விளக்கம். உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு, நீதிமன்ற ஆணை போன்ற சில சூழல்களில் மட்டும் தகவல் வெளியிடப்படலாம்.
- கட்டணம், அமர்வுகளின் இடைவெளி, எட்ட வேண்டிய இலக்கு பற்றிய உடன்பாடு.

விரும்பாத கேள்விக்கு ‘இப்போது வேண்டாம்’ என்று சொல்லலாம். முதல் நாளே தீர்வு கிடைப்பது அரிது. பேசிய பின் மனம் சற்றுக் கனப்பதும் உண்டு. சில அமர்வுகளுக்குப் பின்னும் நம்பிக்கை பிறக்கவில்லையெனில் வேறொருவரை நாடலாம்.

ஆலோசகரின் தகுதியைக் கேட்டறிவது தவறன்று. மனநல மருத்துவர் மருத்துவப் பட்டம் பெற்றவர், மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றவர். பேச்சுவழிச் சிகிச்சை அளிப்பார், மருந்து எழுதமாட்டார்.

மயிலாடும்பாறைச் சூழல்

இப்பகுதியில் மனம் பேதலித்தால் கோடாங்கியிடம் குறி கேட்பதும் கோயிலுக்கு நேர்ந்துகொள்வதும் பழைய வழக்கங்கள். வழிபாட்டைக் கைவிட்டால்தான் சிகிச்சை என்று தகுதியுள்ள ஆலோசகர் நிபந்தனை விதிப்பதில்லை. ஆனால் வழிபாட்டிற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது நோயை முற்றச் செய்யலாம்.

தனியார் ஆலோசகரைத் தேடுவோர் பெரும்பாலும் தேனி அல்லது மதுரை செல்ல வேண்டியுள்ளது. பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலி இழப்பும் சேர்வதால், இரண்டாம் அமர்வுக்கு வராமல் நின்றுவிடும் நிலை ஏற்படலாம். இதை முதல் சந்திப்பிலேயே சொன்னால், அமர்வுகளின் இடைவெளியைக் கூட்டவோ தொலைபேசி, காணொளி வழியாகத் தொடரவோ திட்டமிட முடியும்.

கட்டணம் செலுத்த இயலாதவர்களுக்குக் க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அருகிலுள்ள வாய்ப்பாகும். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் அழைக்கலாம். ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்று அஞ்சுபவர் வீட்டிலிருந்தே முதல் உரையாடலைத் தொடங்க இது உதவுகிறது.