பழைய கப்பலில் புதிய பயணிகள்

ஜீன் ராடன்பெரி உருவாக்கிய ‘ஸ்டார் டிரெக்’ தொடர் அமெரிக்காவில் 1966 செப்டம்பர் 8ஆம் தேதி ஒளியேறத் தொடங்கியது. பார்ப்போர் குறைவு. 1968ல் ரசிகர்கள் கடிதங்களை எழுதிக் குவித்ததால் மூன்றாம் ஆண்டும் நீடித்தது. ஆயினும் 1969ல், 79 அங்கங்களுடன் நிறுத்தப்பட்டது. மறு ஒளிபரப்பே அதற்குப் பெரும்புகழ் தேடித் தந்தது.

பின்னர் பல தொடர்களும் 2002க்குள் பத்துத் திரைப்படங்களும் வந்தன. கதை பெருகப் பெருக, புதியவருக்கு எங்கே தொடங்குவதென்றே தெரியாமல் போனது. பத்தாவது படம் வசூலில் தோற்றது.

2009ல் ஜே.ஜே.ஏப்ரம்ஸ் கதையைப் புதிதாகத் தொடங்கினார். சிறுவயதில் இதன் ரசிகராக இருந்ததில்லை என்று கூறியவர் அவர். படத்தில், எதிர்காலத்திலிருந்து வரும் எதிரிக் கப்பலால் கெர்க்கின் தந்தை இறக்க, வரலாறு தடம் மாறுகிறது. பழைய கதை அழியவில்லை. புதிய கதைக்கு முன்னறிவும் தேவைப்படவில்லை. அன்றைய ஸ்பாக்கான லெனர்ட் நிமோய், முதிய ஸ்பாக்காக வந்து இரண்டையும் இணைத்தார்.

சிந்தனை குறைந்து சண்டை மிகுந்ததாகப் பழைய ரசிகர்கள் சிலர் குறைப்பட்டனர். அதில் நியாயம் உண்டு. ஆனால், 1969ல் தொடர் நின்றது தீவிர ரசிகர்கள் இல்லாததால் அல்ல. பொழுதுபோக்காகப் பார்ப்போர் போதாததால்தான். அவர்களுக்கும் கதவைத் திறந்ததே 2009ஆம் ஆண்டுப் படத்தின் வெற்றி.