நெஞ்சு படபடப்பும் மரண பயமும்: பீதி நோயை அறிந்துகொள்வோம்

ஜும்ஆ ஸஃப்பில் நிற்கும்போதோ, சேலம்–நாமக்கல் பஸ் நெரிசலிலோ கல்லூரி படிக்கும் பிள்ளைக்குத் திடீரென்று நெஞ்சு படபடக்கிறது. வியர்க்கிறது, மூச்சு முட்டுகிறது, விரல்கள் மரத்துப் போகின்றன. ‘மவ்த்தாகப் போகிறேன்’ என்ற பயம் பிடிக்கிறது. சுமார் 10 நிமிடங்களில் உச்சத்துக்குப் போய், பிறகு தணிகிறது. இது பேனிக் அட்டாக் எனப்படும் பீதித் தாக்குதலாக இருக்கலாம்.

ஒருமுறை வந்தால் அது நோய் ஆகாது. காரணமின்றித் திரும்பத் திரும்ப வந்து, ‘மறுபடியும் வருமோ’ என்ற கவலை ஒரு மாதமோ அதற்கு மேலோ நீடித்தாலும், அதற்குப் பயந்து பஸ், வகுப்பு, பள்ளிவாசல் என ஒவ்வொன்றாகத் தவிர்த்தாலும் அது பீதி நோய். பெரும்பாலும் இளவயதில் தொடங்குகிறது. பெண்களுக்கு ஏறத்தாழ இரு மடங்கு அதிகம்.

முதலில் பரிசோதனை: முதல்முறை நெஞ்சுவலி வந்தால் ‘வெறும் பயம்தான்’ என்று வீட்டிலேயே முடிவு செய்யாதீர்கள். ஈசிஜி, தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரை ஆகியவற்றைப் பார்த்துவிட வேண்டும்.

அந்த நேரத்தில்: உட்கார வைத்து, மெதுவாக மூச்சை இழுத்து, அதைவிட மெதுவாக விடச் சொல்லுங்கள். ‘இது சற்று நேரத்தில் அடங்கிவிடும்’ என்று நிதானமாகச் சொல்லுங்கள். காகிதப் பையில் மூச்சுவிடச் செய்ய வேண்டாம்.

சிகிச்சை: எண்ணங்களையும் பழக்கத்தையும் மாற்றும் சிபிடி என்ற பேச்சு சிகிச்சையும், செர்ட்ராலின், எஸிடாலோபிராம் போன்ற மாத்திரைகளும் நல்ல பலன் தருகின்றன. மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். டாக்டரிடம் கேட்காமல் நிறுத்தக்கூடாது. அல்பிரஸோலம் பழக்கமாகிவிடக்கூடியது, கடையில் நீங்களாக வாங்காதீர்கள். ரமளானில் மாத்திரை நேரத்தை ஸஹர், இஃப்தாருக்கு மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

‘ஜின் தொந்தரவு’, ‘கண்ணேறு’ என்று மாதக்கணக்கில் அலைவதால் படிப்பும் வேலையும் போய்விடுகின்றன. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் உயிரிழந்ததை நம் சமுதாயம் மறக்கக்கூடாது. மருத்துவம் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவியுள்ளார்கள். துஆவும் செய்வோம், டாக்டரிடமும் போவோம்.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மனநல மருத்துவரைக் கேளுங்கள். டெலி மானஸ் 14416 எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். பெண் பிள்ளை என்றால் ‘வரன் தட்டிப்போகும்’ என்று மறைக்காதீர்கள். உரிய சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலோர் இன்ஷா அல்லாஹ் இயல்பு வாழ்க்கைக்குத் திரும்பிவிடுவார்கள்.