பேரிடர்க் காலப் பொதுச் சுகாதாரப் பணி: காஞ்சிபுரம்

வெள்ளம், புயல், பஞ்சம், பெருங்கூட்டம் ஆகியவற்றை அடுத்துக் குடிநீர், உணவு, கழிவு, கொசு வழியாக நோய் பரவாமல் காக்கும் பணி. சுகாதார ஆய்வாளர், கிராம சுகாதாரச் செவிலியர், தூய்மைப் பணியாளர், கொசு ஒழிப்புப் பணியாளர் ஆகியோர் இதைச் செய்கின்றனர்.

முன்வரலாறு

மழை பொய்த்த காஞ்சிக்கு வந்து அமுதசுரபியால் மக்களின் பசி தீர்த்தவளாக மணிமேகலை காப்பியம் தன் நாயகியைக் காட்டுகிறது. நிவாரணப் பணியை அங்கிருந்து தொடங்குவது மிகைதான். ஆனால் இப்படியொரு முன்கதை எல்லா ஊருக்கும் வாய்ப்பதில்லை.

ஆவணங்களில் தெளிவாகத் தெரிவது 1876–78 தாது வருடப் பஞ்சம். காஞ்சிபுரம் அப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. நிவாரண வேலைக்கு வரும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் (சுமார் 450 கிராம்) தானியம் வாங்கும் அளவுக்குக் கூலி போதும் என்று இந்திய அரசின் பஞ்சப் பிரதிநிதி சர் ரிச்சர்ட் டெம்பிள் 1877 தொடக்கத்தில் வரையறுத்தார். உழைக்கிற உடம்புக்கு அது காணாது, பருப்பும் சேர வேண்டும் என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஆர். கார்னிஷ் வாதிட்டார். அவர் சொன்னதே சரி. சில மாதங்களில் கூலி உயர்ந்தது. அதற்குள் பட்டினியில் தளர்ந்தவர்களைக் காலராவும் பேதியும் வாரிக்கொண்டு போயின.

திருவிழாவும் காலராவும்

காஞ்சிபுரத்தில் இப்பணிக்குப் பயிற்சிக்களமாக இருந்தவை திருவிழாக்களே. வரதராசப் பெருமாள் கோயில் வைகாசி கருட சேவைக்கும் ஏகாம்பரநாதர் கோயில் பங்குனி உத்திரத்துக்கும் வெளியூர்க் கூட்டம் திரளும். அத்தனை பேரும் ஒரே கிணற்றையும் குளத்தையும் புழங்கினால் காலராவுக்கு வேறு வழி தேவையில்லை. 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் சந்தை, திருவிழாக்களுக்கெனத் தனி அத்தியாயமே ஒதுக்கியது. கிணற்றுக்கு மருந்திடுவது, தற்காலிகக் கழிப்பிடம் அமைப்பது, கெட்டுப்போன பண்டத்தை அகற்றுவது, காய்ச்சல்காரரைப் பிரித்து வைப்பது என்று விழாவுக்காகப் பழகிய வேலைகள் வெள்ள நிவாரணத்துக்கும் அப்படியே பொருந்தின.

செயல்முறை

வெள்ளம் வடிந்ததும் ஆய்வாளர், குடிநீரில் குளோரின் அளவைக் காட்டும் குளோரோஸ்கோப்போடு தெருவுக்கு வருவார். தொட்டியடியில் சோதித்துப் பயனில்லை. தெருவின் கடைசிக் குழாயில் பிடித்த நீரில் ஆர்த்தோடாலிடின் சில துளி விட வேண்டும். மஞ்சள் ஏறினால் குளோரின் இருக்கிறது. லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் இருப்பது நல்லது. நிறமே மாறாவிட்டால், வழியில் குழாய் உடைந்து சாக்கடை கலந்ததா என்று தேட வேண்டியதுதான்.

பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் இன்னொரு சிக்கல். நெசவாளர் காலை இறக்கி உட்காரும் தறிக்குழியில் அடைமழைக் காலத்தில் தண்ணீர் ஊறும். வீட்டாருக்குப் பாவு ஈரமாகிறதே என்ற கவலை. பணியாளருக்குக் கொசுப்புழு பற்றிய கவலை. மேலே பட்டுப் பாவு விரிந்திருக்கும்போது குழிக்குள் மருந்தடிக்க யாரும் தயங்கத்தான் செய்வார்கள். நீரை இறைத்துவிடுவதே சுலபம். யானைக்கால் நோய் நெடுங்காலம் இருந்த ஊர் என்பதால் கொசு ஒழிப்பு இங்கே புது வேலையல்ல.

அண்மைக் காலம்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை, அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தின் கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம் கரைகளைத் தாக்கியது. தமிழகத்தில் அதன்பின் கொள்ளைநோய் பரவாததற்கு, பொதுச் சுகாதாரத்துக்குத் தனி இயக்குநரகம் இருந்தது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. 2015 டிசம்பர் 1-2 மழையில், அப்போது இம்மாவட்டத்தில் இருந்த தாம்பரத்தில் 49 செ.மீ. பதிவானது. 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை வரதராசப் பெருமாள் கோயிலில் நடந்த 48 நாள் அத்திவரதர் வைபவத்துக்கு ஒரு கோடிக்கு மேற்பட்டோர் வந்ததாகக் கணக்கு. அவ்வாண்டு நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமாகிக் கடற்கரை அதனோடு போயிற்று. கொரோனாவின்போது வீடு வீடாகக் காய்ச்சல் கணக்கெடுத்தவர்களும் களப்பணியாளர்களே. காஞ்சிபுரம் 2021-இல் மாநகராட்சியானது. தூய்மைப் பணியாளர் பலர் ஒப்பந்த அடிப்படையில் உள்ளனர்.