பலகைக்கு அடியில் மூணு ஃபின்: ஒரு டிஃபால்ட் செட்டிங்கின் கதை

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

கோவளத்திலோ மகாபலிபுரத்திலோ ஒரு சர்ஃப் பள்ளிக்குப் போனீங்கன்னா, அங்க இருக்கிற பலகைகளைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்க. வால் பக்கத்தில் பெரும்பாலும் மூணு ஃபின் இருக்கும். முன்னாடி ரெண்டு, பின்னாடி நடுவில் ஒண்ணு. "ஏன் மூணு?"ன்னு கேட்டா, "அப்படித்தான் வரும்"னு பதில் கிடைக்கும்.

சாஃப்ட்வேர்ல வேலை பார்க்கிறவங்களுக்கு இந்தப் பதில் நல்லாப் பழக்கம். யாரோ ஒருத்தர், ஏதோ ஒரு பிரச்சினைக்காக ஒரு செட்டிங் போட்டிருப்பார். பிரச்சினை மறந்துபோயிடும், செட்டிங் மட்டும் நிக்கும். இந்த மூணு ஃபின் செட்டிங்குக்குப் பின்னாடி யார் இருந்தார், அவருக்கு என்ன பிரச்சினை இருந்தது? இன்னைக்கு அதைத்தான் பேசப்போறோம்.

ஃபின்னே இல்லாத காலம்

ஹவாய் தீவுகளில் பழைய சர்ஃபிங் பலகைகளுக்கு ஃபின் கிடையாது. அலாயா என்பது மெல்லிய, குட்டையான பலகை. ஓலோ என்பது நீளமானது, தலைவர்களுக்கு உரியது. ரெண்டுக்குமே அடிப்பக்கம் வழவழன்னுதான் இருக்கும். திசை திருப்பணும்னா காலைத் தண்ணில இழுக்கணும், இல்லன்னா உடம்பைச் சாய்க்கணும்.

இதில் ஒரு சிக்கல். அலை செங்குத்தா எழும்பும்போது நீங்க அதன் முகத்தில் குறுக்காகப் போகணும். வாலைப் பிடிச்சு நிறுத்த ஒண்ணும் இல்லாததால், அது பக்கவாட்டில் வழுக்கிடும். ஈரத் தரையில சோப்பு மாதிரி.

1935-ல டாம் பிளேக் என்ற அமெரிக்கர் வைகிகியில் ஒரு வேலை செய்தார். கைவிடப்பட்ட ஒரு வேகப்படகிலிருந்து உலோகக் கீலைக் கழற்றி, தன் பலகையின் அடியில் மாட்டினார். பலகை வழுக்காமல் நேராகப் போச்சு. உள்ளே வெற்றிடம் விட்டுச் செய்த மரப்பலகைக்கு அவர் ஏற்கெனவே பேட்டன்ட் வாங்கியிருந்தார். அந்தக் காலத்துக் கட்டிப் பலகைகள் 40, 50 கிலோ எடை இருந்ததால், எடை குறைஞ்ச பலகைதான் பெரிய கண்டுபிடிப்பா தெரிஞ்சிருக்கும். ஆனா சர்ஃபிங்கை மாற்றியதில் அந்தச் சின்ன உலோகத் துண்டுக்கும் சம பங்கு உண்டு.

இதுவும் உடனே பரவல. 1937 வாக்கில் ஹொனலுலு இளைஞர்கள் சிலர் அதே பிரச்சினைக்கு வேற வழி கண்டாங்க. பலகையின் வாலைக் கோடாரியால் செதுக்கி ஒடுக்கி, அடிப்பக்கத்தை வி வடிவத்துக்குக் கொண்டுவந்தாங்க. ஹாட் கர்ல்னு பேர். ஃபின் இல்லாமலே வால் தண்ணியைப் பிடிச்சது. ஒரே பிரச்சினைக்கு ரெண்டு தீர்வு. கடைசியில் ஜெயிச்சது ஃபின்.

ஒண்ணா, ரெண்டா?

ஃபின் எப்படி வேலை செய்யுதுன்னு சுருக்கமா. விமானத்தின் இறக்கையைச் செங்குத்தா நிறுத்தி வச்ச மாதிரி நினைச்சுக்கோங்க. தண்ணி அதன் மேல கொஞ்சம் கோணலா வந்து மோதும்போது பக்கவாட்டில் ஒரு விசை பிறக்கும். அந்த விசைதான் வாலைப் பிடிச்சு வைக்குது, திரும்பும்போது தள்ளியும் விடுது. இந்தப் பிடிப்புக்கு விலை இழுவை. அதாவது கொஞ்சம் வேகத்தைக் கொடுத்துத்தான் பிடிப்பை வாங்கணும். ஃபின் வரலாறு முழுக்க இந்தப் பேரம்தான்.

1940-களின் கடைசியில் கலிஃபோர்னியாவில் பாப் சிம்மன்ஸ், வேகப்படகுகளின் அடிப்பகுதி தண்ணியில் எப்படி எழும்பி ஓடுதுங்கிற கணக்கைச் சர்ஃப்போர்டுக்குக் கொண்டுவந்தார். அகலமான வால், அதன் ரெண்டு ஓரத்திலும் ஒவ்வொரு ஃபின். 1960-களில் ஜார்ஜ் கிரீனோ மீனின் வால் துடுப்பைப் பார்த்து, பின்பக்கம் சாய்ந்த, நுனியில் மெலிந்த, வளையக்கூடிய ஃபின்னைச் செய்தார். அந்த வகை ஃபின் போட்ட பலகையில்தான் ஆஸ்திரேலியர் நாட் யங் 1966-ல் சான் டியேகோவில் உலக சாம்பியன் ஆனார். அதற்கப்புறம் பலகைகள் மளமளன்னு குட்டையாச்சு.

ஒற்றை ஃபின் நிதானமானது, நம்பகமானது, ஆனா சட்டுன்னு திரும்பாது. ட்வின் ஃபின்ல நீங்க எந்தப் பக்கம் சாயறீங்களோ அந்தப் பக்க ஃபின் ஆழமாக இறங்கும், மற்றது மேலே வந்துடும். அதனால் திருப்பம் வேகம். 1976-ல ஹவாய் வீரர் ரீனோ அபெலிரா ஒரு குட்டி ட்வின் ஃபின்னோட ஆஸ்திரேலியா வந்தார். அதைப் பார்த்து மார்க் ரிச்சர்ட்ஸ் தனக்கென ஒரு வடிவம் செதுக்கினார். 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நாலு உலகப் பட்டம் அவருக்கே.

நடுவர்கள் எதற்கு மார்க் தராங்கன்னு எல்லாருக்கும் புரிஞ்சது. சின்ன அலையில் வேகமா, துள்ளித் துள்ளித் திரும்பணும். எல்லாரும் ட்வின் ஃபின் வாங்கினாங்க.

கனமான ஆளின் பிரச்சினை

சிட்னிக்கு வடக்கே நாராபீன் கடற்கரையைச் சேர்ந்தவர் சைமன் ஆண்டர்சன். 6 அடிக்கு மேல உயரம், 90 கிலோவை ஒட்டிய உடம்பு. போட்டியாளர், தானே பலகை செதுக்குபவரும்கூட. அவர் முழு பலத்தோட பின்காலை அழுத்தினா ட்வின் ஃபின் பலகையின் வால் பறிச்சுக்கிட்டுப் போயிடும். பழைய ஒற்றை ஃபின்னுக்குத் திரும்பினா சின்ன அலைப் போட்டிகளில் தோல்வி. இது அவருக்குப் பிழைப்பு. கருவி உடம்புக்குப் பொருந்தலன்னா தொழிலே முடிஞ்சது.

1980 அக்டோபரில் நாராபீனில் ஃபிராங்க் வில்லியம்ஸ் என்பவரின் ட்வின் ஃபின் பலகையைப் பார்த்தார். பின்னாடி நடுவில், அரை நிலா வடிவில், குட்டியா ஒரு ஃபின் கூடுதலா இருந்தது. பலகை வழுக்காம இருக்க அது உதவுதுன்னு தெரிஞ்சது. ஆண்டர்சன் ஒரு படி மேலே போனார். மூணும் ஒரே அளவா இருந்தா என்ன?

இந்த மூணாவது ஃபின்னைச் சும்மா ஒட்டுப்போட்ட வேலைன்னு நினைக்காதீங்க. நடு ஃபின் வாலைப் பிடிச்சுக்கிட்டதால், வாலை அகலமாக வச்சுக்க முடிஞ்சது. அகல வால்னா சின்ன அலையிலும் வேகம். ஓர ஃபின்கள் கொஞ்சம் உள்பக்கம் திரும்பி, வெளிப்பக்கம் சாய்ந்து நிற்கும். சாயும்போது அவை திருப்பும், நடு ஃபின் நிலைநிறுத்தும். அவர் வச்ச பேர் 'த்ரஸ்டர்'.

1981 ஈஸ்டர் சமயம், பெல்ஸ் பீச் போட்டி. அன்னைக்குக் கடல் பூதாகாரமா எழும்பியது. ஆண்டர்சன் மூணு ஃபின்னோட இறங்கி ஜெயிச்சார். அடுத்து சிட்னி போட்டி. ஆண்டு முடிவில் ஹவாயின் பைப்லைன் மாஸ்டர்ஸ். முற்றிலும் வேற வேற மாதிரி அலைகள், ஒரே வகைப் பலகை. 1983, 1984-ல டாம் கேரல் உலக சாம்பியன் ஆனபோது, மூணு ஃபின்தான் வழக்கம்னு ஆகிப்போச்சு.

ஆண்டர்சன் இதற்கு பேட்டன்ட் எடுக்கல. உலகம் முழுக்க செதுக்குபவர்கள் நகலெடுத்தாங்க. இன்னைக்கு ஒவ்வொரு கடற்கரையிலும் அவர் யோசனை மணலில் கிடக்கு, அதற்கு அவர் கையில் உரிமைப் பத்திரம் இல்லை. பேட்டன்ட் இருந்திருந்தா அவர் பணக்காரரா ஆகியிருக்கலாம். ஆனா மூணு ஃபின் இவ்வளவு சீக்கிரம் எல்லார் பலகைக்கும் போய்ச் சேர்ந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான். ஓப்பன் சோர்ஸ் பற்றிப் பெருமையாப் பேசுற நாம, அந்தக் கணக்கில் ஒருத்தர் இழந்ததையும் சேர்த்துச் சொல்லணும்.

அப்போ நமக்கு எது?

த்ரஸ்டர் ஒரு கனமான, பலசாலியான தொழில்முறை வீரர் தன் உடம்புக்காகச் செய்தது. மார்க் ரிச்சர்ட்ஸுக்கு ட்வின் ஃபின் சரியாத்தான் இருந்தது. த்ரஸ்டர் வந்த பிறகும் 1981, 1982 பட்டங்களை அதில்தான் வாங்கினார். ரெண்டு பேருமே மற்றவர் பலகையைக் காப்பியடிச்சு சாம்பியன் ஆகல. தன் எடை, தன் கால், தன் அலைன்னு யோசிச்சாங்க.

பலகை எடுக்கும்போது நீங்களும் முதலில் அதையே கேளுங்க. உங்க எடையைத் தாங்குற மிதவை இருக்கா? கத்துக்கிற கட்டத்தில் எட்டு அடிக்கு ஒட்டிய, தடிமனான ஃபோம் பலகைதான் நண்பன். அதில் எந்த ஃபின் இருந்தாலும் பெரிசா வித்தியாசம் தெரியாது. நிற்கவும் குறுக்காகப் போகவும் வந்த பிறகு ஃபின் பேச்சுக்கு வரலாம். மெதுவான சின்ன அலைக்கு அகலமான பலகையும் ட்வின் ஃபின்னும் வேகம் தரும். நீளப் பலகையில் நிதானமா போகணும்னா ஒற்றை ஃபின். அலை செங்குத்தா, வேகமா வந்தா மூணு. நடு ஃபின்னின் இழுவை வேண்டாம், ஓரத்தில் பிடிப்பு மட்டும் போதும்னா நாலு ஃபின் வகையும் இருக்கு. கழற்றி மாட்டுற ஃபின்கள் 1990-களிலேயே பரவிட்டதால், ஒரே பலகையில் ஒண்ணொண்ணா மாற்றிப் பார்க்கலாம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். பக் தேடுற அதே முறை.

டிஃபால்ட் செட்டிங்ல தப்பில்லை, முக்கால்வாசி நாள் அது சரியாகவே இருக்கும். ஆனா அது யாருக்காகப் போடப்பட்டதுன்னு தெரிஞ்சா, எப்போ மாற்றணும்னும் தெரியும்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம். கடலுக்குப் போறவங்க லீஷைக் கட்ட மறக்காதீங்க.