கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயத்தில் கானுலா

கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயம் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில், அசம்பு மலைச் சரிவுகளை உள்ளடக்கி 402.4 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்து, 2008ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட பாதுகாக்கப்பட்ட காடாகும். மாவட்டத்தின் மொத்தப் பரப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இதற்குள் அடங்குகிறது. ஒருபுறம் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தையும் மறுபுறம் கேரளத்தின் நெய்யாறு சரணாலயத்தையும் இது ஒட்டியிருப்பதால், யானையும் புலியும் காட்டுமாடும் மாநில எல்லை பாராது நடமாடும் பெருங்காட்டின் ஒரு துண்டாகவே இதனைக் கருத வேண்டும்.

கானுலா என்று தமிழில் வழங்கும் ‘சஃபாரி’, அரபியிலிருந்து சுவாகிலிக்குச் சென்று, பயணம் என்னும் பொதுப்பொருளில் அங்கு வழங்கும் சொல்லாகும். தான்சானியாவின் செரங்கெட்டியிலும் கென்யாவின் மசாய் மாராவிலும் நிலம் திறந்த புல்வெளியாதலால் வண்டியில் இருந்தபடியே நெடுந்தொலைவு வரை விலங்குகளைக் காண இயலும். மழையைத் தொடர்ந்து இடம்பெயரும் காட்டுமான் கூட்டங்கள் எம்மாதத்தில் எங்கிருக்கும் என்று அறிவதே அங்குத் திட்டமிடலின் பெரும்பகுதி. அசம்பு மலையின் மழைக்காட்டில் பத்தடிக்கு அப்பால் நிற்கும் மிளாவைக்கூட (கடமானுக்குத் தென்தமிழ்நாட்டில் வழங்கும் பெயர்) இலைத்திரை மறைத்துவிடுவதால், வண்டியில் விரட்டிக் காணும் முறைக்கு இக்காடு இடங்கொடுப்பதில்லை. காலடித் தடம், சாணம், மரப்பட்டையில் உரசிய அடையாளம், கருமந்தியின் எச்சரிக்கைக் குரல் ஆகியவற்றைக் கொண்டு விலங்கின் இருப்பை உய்த்துணர்வதே இங்குக் காட்டைக் காண்பதாகும். செரங்கெட்டியை மனத்தில் கொண்டு வருபவர் நாட்டுக்குரங்குகளை மட்டும் கண்டு திரும்ப நேரலாம்.

பயணத்திற்குரிய காலத்தை மழையே முடிவு செய்கிறது. தமிழ்நாட்டின் பெரும்பகுதியைப் போலன்றி, இம்மாவட்டம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையையும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையையும் பெறுவதால், ஓடைகள் பெருகாமலும் அட்டைக்கடி குறைந்தும் இருக்கும் மாதங்கள் சிலவே. நாஞ்சில்நாட்டு வயல்களில் கும்பப்பூ எனப்படும் இரண்டாம் போகம் அறுவடைக்கு வரும் மாசி, பங்குனியை ஒட்டிய காலம் இவற்றுள் ஏற்றது; அப்போது நீர்நிலைகள் சுருங்குவதால் விலங்குகள் நீரைத் தேடி வெளிப்படுவதும் மிகுதி. ஆயினும் காட்டுத்தீ அச்சமுள்ள காலமும் அதுவே.

கீரிப்பாறை, காளிகேசம் பகுதிக்குத் தடிக்காரன்கோணம் வழியாகவும், 1906இல் முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணைப் பகுதிக்குக் குலசேகரம் வழியாகவும் செல்வது வழக்கம். இரு வழிகளிலும் காட்டின் விளிம்பு இயற்கைக் காடாக அன்றி ரப்பர்த் தோட்டமாகவே தொடங்குகிறது. அரசு ரப்பர்க் கழகத்தின் தோட்டங்களில் யானைகள் இறங்குவது புதிதன்று. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972இன்படி, சுற்றுலாவுக்காகவோ ஒளிப்படம் எடுப்பதற்காகவோ சரணாலயத்திற்குள் நுழைய வனத்துறையின் அனுமதி வேண்டும். காட்டாற்றில் வெள்ளம் வரும் நாட்களில் அருவிப் பகுதிகள் மூடப்படுவதும் உண்டு. அணைக்கு அப்பால் வாழும் காணிப் பழங்குடியினர் இக்காட்டை நன்கறிந்தவர்கள். அவர்தம் குடியிருப்புகளைக் காட்சிப்பொருளாக எண்ணி உள்நுழைவது தகாது.

மேல்கோதையாறும் முத்துக்குழிவயலும் தனியே குறிக்கத்தக்கவை. கீழ்கோதையாற்றிலிருந்து செங்குத்தாக நோக்கினால் அண்மையிலேயே உள்ள இம்மேட்டு நிலத்திற்கு வண்டியில் செல்ல வேண்டுமாயின், திருநெல்வேலி மாவட்டத்தின் மணிமுத்தாறு, மாஞ்சோலை வழியாகச் சுற்றியே செல்ல வேண்டும். அதுவும் புலிகள் காப்பகத்தின் கட்டுப்பாட்டிற்குட்பட்ட பாதையாகும். 2023 ஜூனில் தேனி மாவட்டத்தில் பிடிக்கப்பட்ட அரிக்கொம்பன் என்னும் யானை இப்பகுதியில் விடப்பட்டபோது, அடிவாரத்துக் குமரி மாவட்ட ஊர்களில் கவலை எழுந்தது.

கிழக்கு ஆப்பிரிக்கப் பூங்காக்களின் தடையற்ற காட்சிக்கு இம்மாவட்டத்தில் இணை தேடுபவர் மலையை விட்டுச் சமவெளிக்கு இறங்க வேண்டும். 2022இல் ராம்சர் உடன்படிக்கையின் கீழ் சேர்க்கப்பட்ட சுசீந்திரம் தேரூர் ஈரநிலத்தில் கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, பாம்புத்தாரா ஆகியவற்றுடன் குளிர்கால வலசை வாத்துகளையும் காணலாம். கென்யாவின் நகுரு ஏரிக்குப் புகழ் தந்த பூநாரைக் குடும்பத்தைச் சேர்ந்த பெரும்பூநாரைகள் மணக்குடிக் கழிமுகத்தை அடுத்த புத்தளம் உப்பளங்களுக்கு வருகின்றன. மலைக்காட்டிற்கு வேண்டிய அனுமதியோ வழிகாட்டியோ இங்குத் தேவைப்படுவதில்லை; சுசீந்திரம் குளத்துப் பறவைகளை நாகர்கோவில் – கன்னியாகுமரி சாலையோரத்தில் நின்றே காணலாம்.