குருதியின் காந்தமும் மூளையின் படமும்

மனித மூளை தொழிற்படும்போது மண்டையோட்டைத் திறவாமலே அதனை நோக்குதல் இயலுமா என்ற வினா, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடக்கம் உடற்றொழிலியலாளரை அலைக்கழித்து வந்த ஒன்றாகும். இன்று காந்தப் பரிவுப் படக்கருவி அவ்வினாவுக்கு ஒருவகை விடையை அளித்துள்ளது. எண்ணும்போதும் பேசும்போதும் அஞ்சும்போதும் மூளையின் இன்னின்ன பகுதிகள் தொழிற்படுகின்றன என்று கூறும் வண்ணப்படங்கள் நாளேடுகளிலும் வெளிவருகின்றன. ஆனால் அப்படங்களிற் பதிவாவது எண்ணமுமன்று, நரம்புக் கலங்களின் மின்துடிப்புமன்று. ஒட்சிசனைச் சுமந்து திரியும் ஈமோகுளோபின் என்னும் குருதிப் புரதத்தின் காந்த இயல்பே அங்கு பதிவாகின்றது. இதனை மனங்கொள்ளாதோர் அப்படங்களின் வரலாற்றை ஒரு கருவியின் வரலாறாகவே எழுதிவிடுகின்றனர். அது கருவியின் வரலாறு மாத்திரமன்று. கண்டறியப்பட்ட பின்னர் ஐம்பத்துநான்கு ஆண்டுகள் மூளையாய்வில் எடுத்தாள்வாரின்றிக் கிடந்த ஓர் உண்மையின் வரலாறுமாகும்.

மூளையின் தொழிற்பாட்டுக்கும் குருதியோட்டத்துக்கும் தொடர்புண்டு என்ற கருத்து இத்தாலியின் தூரின் நகரிற் பணியாற்றிய அஞ்செலோ மொசோவிடம் தெளிவான உருப்பெற்றது. மண்டையோட்டில் என்பு நீங்கிய இடத்தினூடாக மூளையின் துடிப்பு வெளித்தெரிந்த உழவர் ஒருவரை அவர் ஆராய்ந்தார். நண்பகலில் தேவாலய மணி ஒலித்தபோது அவ்வுழவரின் மூளைத் துடிப்பு உயர்ந்தது. எட்டைப் பன்னிரண்டாற் பெருக்குமாறு கேட்டபோதும் உயர்ந்தது. முன்கையின் துடிப்பிலோ அத்தகைய மாற்றம் தென்படவில்லை. பின்னர் ஆளை முழுதாகக் கிடத்தி நிறுக்கும் தராசொன்றையும் மொசோ அமைத்தார். சிந்தனை முயற்சியின்போது தலைப்பக்கம் தாழும் என்பது அவர் கொள்கை. அத்தராசு நிறுத்தது மூளைக்குச் சென்ற குருதியைத்தானா என்பது ஐயத்துக்குரியதே. எனினும், உள்ளத்தின் தொழிலை உடலின் புறத்தே நின்று அளக்கலாம் என்ற துணிவு அதிலே காணப்படுகின்றது.

1890 இல் கேம்பிறிட்ஜைச் சேர்ந்த சாள்ஸ் றோய், சாள்ஸ் ஷெரிங்டன் ஆகிய இருவரும் இக்கருத்தைப் பரிசோதனைக்கு உட்படுத்தினர். மூளை தொழிற்படும்போது தோன்றும் இரசாயனப் பொருள்களே அவ்விடத்துக் குருதிக் கலன்களை விரியச்செய்து, வேண்டிய குருதியை வருவித்துக்கொள்கின்றன என்று அவர்கள் கூறினர். இன்றைய மூளைப்படங்கள் யாவற்றுக்கும் அடிப்படையான கூற்று இதுவே. ஆயின் ஆறே ஆண்டுகளில், 1896 இல், லெனாட் ஹில் என்னும் உடற்றொழிலியலாளர் தம் பரிசோதனைகளைக் கொண்டு அத்தகைய தொடர்பு யாதுமில்லை என்றார். அவருடைய செல்வாக்குக் காரணமாக முன்னவர் கருத்து ஒரு தலைமுறைக் காலம் ஒதுக்கிவைக்கப்பட்டது. 1928 இல் ஜோன் புல்டன், மூளையின் பார்வைப் பகுதியிற் குருதிக் கலன்கள் பிறழ்ந்து வளர்ந்திருந்த ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். அந்நோயாளி வாசிக்க முற்படும்போது தலையின் பின்புறத்தில் குருதி இரைந்தோடும் ஓசை பெருகுவதைக் கேட்கமுடிந்தது. நுண்கருவிகளாற் கிட்டாத சான்று ஒரு நோயினாற் கிட்டியது.

குருதிக்கும் காந்தத்துக்குமுள்ள உறவு முற்றிலும் வேறொரு வழியில் அறியப்பட்டதாகும். 1845 இல் மைக்கல் பரடே பல்வகைப் பொருள்களையும் காந்தத்தின் அருகே வைத்துச் சோதித்துவந்தபோது உலர்ந்த குருதியையும் சோதித்து, அது காந்தத்தால் ஈர்க்கப்படவில்லை எனக் கண்டார். புதுக்குருதியையும் சோதிக்கவேண்டும் என்று தம் நாட்குறிப்பில் எழுதிவைத்த அவர், பின்னர் அதனைச் செய்ததாகத் தெரியவில்லை. செய்திருப்பின் நாடிக் குருதியும் நாளக் குருதியும் காந்தத்தின்முன் வேறுபடுவதை அவரே கண்டிருக்கவுங் கூடும். அவ்வேறுபாட்டைக் காண்பதற்குத் தொண்ணூற்றோர் ஆண்டுகள் கழியவேண்டியிருந்தது. 1936 இல் கலிபோர்ணியாவில் லினஸ் போலிங்கும் சாள்ஸ் கோரியலும் குருதி நிரம்பிய குழாயைக் காந்த முனைகளுக்கிடையே தராசிலிருந்து தொங்கவிட்டு நிறுத்தனர். ஒட்சிசனை இழந்த ஈமோகுளோபின் காந்தத்தால் ஈர்க்கப்பட்டது. ஒட்சிசனோடு கூடிய ஈமோகுளோபின் மெலிதாக விலக்கப்பட்டது. முன்னதன் ஒவ்வோர் இரும்பணுவிலும் சோடிசேராத நான்கு இலத்திரன்கள் உண்டென்றும், பின்னதில் அத்தகைய இலத்திரன் ஒன்றேனும் இல்லையென்றும் அவர்கள் கணித்தனர். இரும்பும் ஒட்சிசனும் எவ்வாறு பிணைகின்றன என்பதே அவர்கள் விடுக்க விரும்பிய புதிர். மூளையைப் பற்றிய நினைவு அவர்கள் ஆய்விற் கிஞ்சித்தும் இடம்பெறவில்லை.

அதே 1936 இல், வியன்னாவிலிருந்து மக்ஸ் பெரூட்ஸ் என்னும் இளைஞர் கேம்பிறிட்ஜுக்கு வந்துசேர்ந்தார். மறு ஆண்டு அவர் ஈமோகுளோபினின் வடிவத்தை எக்ஸ் கதிர்களைக் கொண்டு அறியும் முயற்சியைத் தொடங்கினார். இடையிலே போர் வந்தது; பகைநாட்டவர் எனக் கருதப்பட்டு 1940 இல் தடுத்துவைக்கப்பட்டுக் கனடாவுக்கு அனுப்பப்பட்டார்; மீண்டு வந்து விட்ட இடத்தில் தொடர்ந்தார். புரதப் பளிங்கினுள் இரச அணுக்களைப் புகுத்தி, அவற்றால் எக்ஸ் கதிர்க் கோலத்தில் ஏற்படும் மாற்றத்தை அளக்கலாம் என்று 1953 இல் அவர் காட்டிய பின்னரே வழி திறந்தது. 1959 இல் வடிவம் தெளிவாகியது: ஈரினத்தைச் சேர்ந்த நான்கு சங்கிலிகள், ஓரினத்துக்கு 141 அமினோ அமிலங்களும் மற்றையதற்கு 146 உம், ஒவ்வொரு சங்கிலியின் மடிப்பிலும் பொதிந்த ஓர் இரும்பணு. இருபத்திரண்டு ஆண்டு உழைப்பின் பயன் இது. கணனியாற் புரத வடிவத்தை முன்னுரைக்கும் முறைக்கு 2024 ஆம் ஆண்டின் இரசாயன நோபல் பரிசிற் பாதி வழங்கப்பட்டபோது, பெரூட்ஸின் உழைப்பு பழங்கதையாகிவிட்டதாகச் சிலருக்குத் தோன்றலாம். ஆயின் அக்கணனி பயின்றது, பெரூட்ஸும் அவர் வழிவந்தோரும் ஒவ்வொன்றாகக் கண்டு சேர்த்த வடிவங்களைக் கொண்டேயாகும்.

ஈமோகுளோபின் வெறும் சுமைகாவியன்று என்பதற்கு அழகியதோர் சான்று 1938 இலேயே கிடைத்திருந்தது. பீலிக்ஸ் ஹவுறோவிற்ஸ் என்பவர் ஒட்சிசனிழந்த ஈமோகுளோபினின் அறுகோணப் பளிங்குகளை நுணுக்குக்காட்டியினூடாக நோக்கிக்கொண்டிருந்தார். கண்ணாடித் தட்டின் ஓரத்தால் வளி உட்புகுந்ததும், ஊதா நிறப் பளிங்குகள் கரைந்து செந்நிற ஊசிகளாக உருமாறின. ஒட்சிசனைப் பெறும்போது மூலக்கூறு முழுவதுமே வடிவம் மாறுகின்றது என்பது இதனாற் புலனாயிற்று. நிறமும் வடிவமும் காந்தமும் ஒருங்கே மாறும் இப்புரதம் குருதியின் ஒட்சிசன் நிலையைத் தானே அறிவித்துக்கொண்டிருந்தது. கேட்கும் கருவிதான் பிறக்கவில்லை.

இதற்கிடையில் மூளையின் குருதியோட்டத்தை அளவிடும் முறைகள் திருந்தின. சீமோர் கெற்றியும் அவருடன் பணியாற்றியோரும் வகுத்த முறையைக் கொண்டு, மனக்கணக்குச் செய்வோரின் மூளைக் குருதியோட்டம் 1955 இல் அளக்கப்பட்டது. மூளை முழுவதற்குமான ஓட்டத்தில் மாற்றமேதும் காணப்படவில்லை. மொசோவின் தராசுக்கு இதனினும் பெரிய மறுப்பு வேண்டுவதில்லை. மாற்றம் நிகழ்வது மூளை முழுவதிலுமன்று, குறித்த இடங்களிலே என்பதை உணர்ந்தபின் ஆய்வு வேறு திசையிற் சென்றது. 1986 இல் பீற்றர் பொக்ஸ், மார்க்கஸ் றெய்க்கிள் ஆகியோர் கதிரியக்க ஒட்சிசனைக் கொண்டு நடத்திய ஆய்வு எவரும் எதிர்பாராத ஒன்றை வெளிப்படுத்தியது. விரல்களுக்கு அதிர்வூட்டும்போது அதனை உணரும் மூளைப் பகுதியின் குருதியோட்டம் 29 சதவீதம் உயர்ந்தது. ஒட்சிசனின் செலவோ 5 சதவீதமே உயர்ந்தது. தொழிற்படும் இடத்தில் ஒட்சிசன் குறையும் என்றே பொது அறிவு கூறும். உண்மை அதற்கு மாறானது. தேவைக்கு மிஞ்சிக் குருதி பாய்வதால், அவ்விடத்து நாளங்களில் ஒட்சிசனிழந்த ஈமோகுளோபின் முன்னிலும் குறைகின்றது.

காந்தப் பரிவு என்பது, வலிய காந்தப் புலத்தில் வைக்கப்பட்ட அணுக்கருக்கள் வானொலி அலைகளை ஏற்று மீள விடும் நிகழ்ச்சியாகும். 1946 இல் பிளொக், பேர்செல் ஆகியோரின் குழுக்கள் தனித்தனியே அதனைத் திண்மத்திலும் நீர்மத்திலும் கண்டறிந்தன. அதனைக் கொண்டு படமெடுக்கும் வழியை 1973 இல் போல் லோட்டர்பர் காட்டினார். கனநீரினுள் வைத்த இரு மெல்லிய நீர்க்குழாய்களே அவர் எடுத்த முதற்படம். அக்கட்டுரையை முதலில் மறுத்த சஞ்சிகையே பின்னர் அதனை வெளியிட்டது. இங்கிலாந்தின் நொட்டிங்காமில் பீற்றர் மான்ஸ்பீல்ட் மிக விரைவாகப் படமெடுக்கும் முறையை வகுத்தார். இவ்விருவருக்கும் 2003 இல் நோபல் பரிசு வழங்கப்பட்டபோது, புற்றுநோய் இழையமும் நல்லிழையமும் காந்தப் பரிவில் வேறுபடும் என 1971 இல் அறிவித்த றேமண்ட் டமேடியன், தாம் விடுபட்டமையைக் கண்டித்து அமெரிக்க நாளேடுகளில் முழுப்பக்க விளம்பரங்கள் வெளியிட்டார். வேறுபாட்டைக் கண்டவர் ஒருவர், அதனைப் படமாக்கும் வழியைக் கண்டவர் வேறொருவர் என்பதே நடுநிலையான தீர்ப்பாகும். எனினும் பரிசொன்றை மூவர்வரை பகிரலாம் என்ற விதி இருக்கையில் மூன்றாம் இடம் வெறிதாக விடப்பட்டமை இன்றும் விவாதத்துக்குரியதே. போலிங்கையோ கோரியலையோ இவ்விவாதத்தில் எவரும் நினைவுகூர்ந்ததாகத் தெரியவில்லை.

குருதியின் ஒட்சிசன் நிலை காந்தப் பரிவுச் சைகையை மாற்றும் என்பதை 1982 இல் ஒக்ஸ்போர்டில் தல்போர்ண் முதலியோர் சோதனைக் குழாயிற் காட்டினர். அதனை உயிருள்ள மூளையிற் கண்டவர் செய்ஜி ஒகாவா. யப்பானியரான இவர் நியூ ஜேர்சியில், தொலைபேசி நிறுவனமொன்றைச் சார்ந்த பெல் ஆய்வுகூடத்திற் பணியாற்றியவர். 1970களில் றொபட் ஷுல்மனோடு இணைந்து ஈமோகுளோபினின் வடிவ மாற்றத்தை ஆராய்ந்தவரும் இவரே. ஆதலின், எலியின் மூளைப் படத்திற் கண்ட கருங்கோடுகளைக் கருவியின் குறை என்று அவர் தள்ளிவிடவில்லை. எலி தூய ஒட்சிசனைச் சுவாசித்தபோது கோடுகள் மறைந்தன. சாதாரண வளியைச் சுவாசித்தபோது மீண்டும் தோன்றின. நாளங்களில் ஓடிய ஒட்சிசனிழந்த ஈமோகுளோபின் தன்னைச் சூழ்ந்த காந்தப் புலத்தைக் குலைத்து, அயலிலுள்ள நீரின் ஐதரசன் சைகையை மங்கச் செய்தமையே அக்கோடுகளுக்குக் காரணம். 1990 இல் அவர் இதனை வெளியிட்டார். குருதிப் புரதத்தை அறிந்த ஒருவர் படக்கருவியின் முன் அமர்ந்திராவிடின் அக்கோடுகள் இன்னும் எத்துணைக் காலம் கவனிப்பாரற்றுக் கிடந்திருக்கும் என்று எவரே கூறவல்லார்! 1992 இல் பொஸ்ரனில் கென்னத் குவொங் குழுவினரும், மினசோட்டாப் பல்கலைக்கழகத்தாருடன் இணைந்த ஒகாவாவும், மில்வோக்கியில் பீற்றர் பண்டெற்றினி குழுவினரும் மனித மூளையின் தொழிற்பாட்டை இம்முறையாற் பதிவுசெய்து வெளியிட்டனர். ஊசியுமில்லை, கதிரியக்கப் பொருளுமில்லை. குருதியே தன் சாயமாயிற்று. கோரியல் 1971 இலேயே மறைந்துவிட்டார். 1994 வரை வாழ்ந்த போலிங் தம் தராசின் பயனைக் காணும் காலம்வரை இருந்தார்.

இத்துணை நெடிய வழியால் வந்த சான்றை எவ்வளவுக்கு நம்பலாம்? நரம்புக் கலங்கள் மின்துடிப்பு விடுவது ஆயிரத்திலொரு செக்கன் அளவில்; குருதியின் மறுமொழி உச்சமடைவதோ ஐந்தாறு செக்கன்கள் கழித்து. மின்னலைக் கண்டவர் இடியைக் கொண்டு மின்னலின் உருவத்தை வரைய முற்படுவது போன்றது இது. ஜேர்மனியின் ரூபிங்கனில் நிக்கொஸ் லோகொதெற்றிஸ் 2001 இல் குரங்கின் மூளையில் மின்துடிப்பையும் படத்தையும் ஒருங்கே பதிவுசெய்து, இரண்டுக்கும் உண்மையான தொடர்புண்டு என நிறுவினார். ஆயினும் படத்திலிருந்து முடிவுக்குச் செல்லும் இடைவழியிற் புள்ளிவிபரவியல் நிற்கின்றது. 2009 இல் கிரேக் பெனற் முதலிய அமெரிக்க ஆய்வாளர் இறந்த சல்மன் மீனொன்றைக் கருவியினுள் வைத்து, மனிதரின் உணர்ச்சிகளைக் காட்டும் நிழற்படங்களை அதற்குக் காட்டினர். பல்லாயிரம் புள்ளிகளை ஒருங்கே சோதிக்கும்போது செய்யவேண்டிய திருத்தத்தைச் செய்யாதுவிட்டபோது, செத்த மீனின் மூளையும் தொழிற்படுவதாகப் படம் காட்டிற்று. நகைப்புக்கிடமான இச்சோதனை கற்பித்தது சிறிதன்று. 2016 இல் அன்டர்ஸ் எக்லுண்ட் முதலியோர், பலரும் கையாண்ட கணனி நிரல்களில் 5 சதவீதமாக இருக்கவேண்டிய தவறு சில நிலைமைகளில் 70 சதவீதம்வரை உயர்கின்றது எனக் காட்டினர். 2020 இல் வெளியான மற்றோர் ஆய்வில் ஒரே தரவுத்தொகுதி எழுபது குழுக்களிடம் வழங்கப்பட்டது, அவற்றுள் எவ்விரு குழுவும் ஒரே வழியைப் பின்பற்றவில்லை, முடிவுகளும் வேறுபட்டன. வரலாற்று மாணவருக்கு இது புதுமையன்று. ஒரே சாசனத்தைப் படிப்போர் அனைவரும் ஒரே முடிவுக்கு வருவதில்லை.

இவ்வையங்கள் ஏட்டளவில் நிற்பனவல்ல. 2006 இல் ஏட்ரியன் ஓவன் குழுவினர், விபத்தொன்றின்பின் உணர்வற்ற நிலையிற் கிடந்த 23 வயதுப் பெண்ணொருவரிடம், தாம் ரெனிஸ் விளையாடுவதாகவும் பின்னர் தம் வீட்டின் அறைகளினூடே நடப்பதாகவும் கற்பனைசெய்யுமாறு கூறினர். நலமுடையோரின் மூளையில் எப்பகுதிகள் தொழிற்பட்டனவோ அப்பகுதிகளே அவர் மூளையிலும் தொழிற்பட்டன. 2010 இல் வெளியான ஆய்வில் அத்தகைய பாரிய பாதிப்புற்ற 54 நோயாளரில் ஐவர் இவ்வாறு மறுமொழி தந்தனர். அவர்களில் ஒருவர் ஒரு கற்பனையை ஆம் என்பதற்கும் மற்றையதை இல்லை என்பதற்கும் கொண்டு வினாக்களுக்கு விடையளித்தார். 2024 இல் பல நாடுகளின் வைத்தியசாலைகள் இணைந்து இம்முறையையும் மூளையின் மின்னலைப் பதிவையும் கையாண்டபோது, கட்டளைக்கு வெளிப்படையாக யாதும் மறுமொழி தராத 241 பேரில் 60 பேர் உள்ளத்தாற் பணிந்தமை தெரியவந்தது. அதே ஆய்வில், கட்டளைக்குக் கண்கூடாகவே பணியக்கூடிய 112 பேரும் சோதிக்கப்பட்டனர். அவர்களில் 43 பேரிடம் மாத்திரமே கருவிகள் மறுமொழியைக் கண்டன. விழித்திருந்து பணிந்த ஏனைய 69 பேரின் உணர்வைக் கருவி காணவில்லையாதலின், படுக்கையிற் கிடக்கும் ஒருவரின் படத்தில் ஒன்றும் தோன்றாமையைக் கொண்டு அவரிடம் உணர்வில்லை என வைத்தியர் அவர் உறவினருக்குக் கூறிவிட முடியாது.